தேடாமல் கிடைத்தது

புதுக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் ஒரு பொருள் தொலைந்துபோனால் முதலில் நினைவுக்கு வருபவள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். சமஸ்தானக் காலத்து அம்மன் காசை ஒட்டி அவளுக்கு அரைக்காசு அம்மன் என்று பெயர். சாவி, கம்மல், பத்திரம் என்று எது காணாமல் போனாலும் வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டால் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. தொலைத்ததைத் தேடுகிறவர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. தேடாமலே கையில் வந்து விழுந்த ஒன்றை என்ன செய்வது என்பதற்குத்தான் ஏற்பாடு எதுவும் இல்லை.

மருத்துவத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. வேறொன்றைத் தேடிப் படம் பிடிக்கும்போது தற்செயலாகத் தென்படும் கட்டிக்கு ‘இன்சிடென்டலோமா’ என்று பெயர். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் கட்டிகளைப் பற்றி 1982இல் எழுதியவர்கள் ஆக்கிய சொல். சி.டி. ஸ்கேன் பரவலாகத் தொடங்கிய காலம் அது. கருவியின் கண் கூர்மையாகக் கூர்மையாக, உடலுக்குள் யாருக்கும் தொல்லை தராமல் இருந்தவையெல்லாம் தாளில் ஏறத் தொடங்கின. தாளில் ஏறிவிட்ட ஒன்றை அதன்பிறகு இல்லை என்று நினைத்துக்கொள்ள முடியாது.

என் தாளில் ஏறியது ஒரு நீர்க்கட்டி. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஐப்பசியில் இடது விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கிய வலிக்காக ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க்குழாயில் ஐந்து மில்லிமீட்டர் கல் ஒன்று இருந்தது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், யாரும் கேட்காத ஒரு வரி. இடது சினைப்பையில் 38க்கு 34 மில்லிமீட்டர் அளவில், ஒற்றை அறையும் மெல்லிய சுவரும் கொண்ட, தெளிந்த நீருள்ள கட்டி. மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும். கல்லுக்காகப் பார்த்த மருத்துவர் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, “இதை லேடி டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிக்குங்க” என்றார். கல் பதினோரு நாளில் தானாக இறங்கிப் போய்விட்டது. எதற்காகப் போனேனோ அது போயிற்று. எதற்காகப் போகவில்லையோ அது தங்கிவிட்டது.

கல் இருந்த செய்தி தெருவுக்கே தெரியும். வாழைத்தண்டுச் சாறு மூன்று வீடுகளிலிருந்து வந்தது. கட்டியைப் பற்றிக் கணவருக்கும் மாமியாருக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாலும் எந்தச் சொல்லில் சொல்வது என்ற தடை இருந்தது. பள்ளிப் பாடநூலில் அது அண்டகம். சற்றுப் பழைய தமிழில் சூலகம். பத்திரிகை மருத்துவப் பக்கங்களில் சினைப்பை. பேச்சில் அதற்குப் பெயரே கிடையாது. தொப்புளுக்குக் கீழே பெண்ணுக்கு இருப்பதெல்லாம் கர்ப்பப்பைதான். ஆகவே கருப்பைச் சுவரில் வளரும் தசைக்கட்டியும், சினைப்பையின் நீர்க்கட்டியும், புற்றும் பேச்சில் “கர்ப்பப்பையில கட்டி” என்றே ஆகிவிடுகின்றன. இளம்பெண்களுக்கு மாதவிடாய் தவறும்போது சொல்லப்படும் ‘நீர்க்கட்டி’யோ வேறு விவகாரம். பி.சி.ஓ.எஸ். என்னும் அந்த நிலையில் ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல, முதிராமல் நின்றுபோன முட்டைப்பைகள். நம் புனைகதைகளில் கருப்பை நிறையவே வருகிறது. மலடு என்ற வசையாகவும், தாய்மை என்ற மகுடமாகவும். சினைப்பை எங்காவது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. பெயர் இல்லாத உறுப்பைப் பற்றித் தெளிவாகப் பயப்படக்கூட முடிவதில்லை.

*

வீட்டில் மூன்று கருத்துகள் இருந்தன. “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, நீயா போயி நோண்டாதே தாயி” என்றார் மாமியார். “எதுக்கு வம்பு? எடுத்துட்டா நிம்மதி” என்றார் கணவர். மகள் பெங்களூரிலிருந்து ஏழு சுட்டிகளை அனுப்பி, “அம்மா, எல்லாத்தையும் படி, ஆனா பயப்படாதே” என்று எழுதியிருந்தாள். இரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம்.

எனக்குள் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் என் பெரியம்மா. பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமம். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு வயிறு மெல்லப் பருத்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே போதும் என்பார். வாயு என்றார்கள், சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். வயிறு பானையாக ஆனபோது அதன் பெயர் மகோதரம் ஆயிற்று. மதுரைக்குக் கொண்டுபோய் நீரை இறக்கினார்கள், மறுபடியும் சேர்ந்தது. அறுவடை முடியட்டும், தை பிறக்கட்டும், பேத்தியின் சடங்கு முடியட்டும் என்று நாள் தள்ளியவர் பெரியம்மாதான். யாரும் தடுக்கவில்லை, யாரும் வற்புறுத்தவுமில்லை. அது கல்லீரலா, சினைப்பையா என்று எந்தத் தாளிலும் எழுதப்படாமலே அவர் போய்ச் சேர்ந்தார். மகோதரம் என்பது வயிற்றில் நீர் கோத்திருப்பதன் பெயர்தான். நோயின் பெயர் அதற்குப் பின்னால் இருந்தது.

இன்னொருவர் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த தோழி. முப்பத்தெட்டு வயதில் வயிற்று வலிக்காகப் போனவருக்கு நீர்க்கட்டி என்றார்கள். வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனை. “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே எதுக்கு இது?” என்ற கேள்வியோடு கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கட்டி சாதாரணமானது என்று பின்னர் ஆய்வறிக்கை வந்தது. உடம்பு நெருப்பாய் எரிந்து, தூக்கம் இல்லாமல் கழிந்த இரவுகளை ஓய்வறையில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். “டீச்சர், ஒரே ராத்திரியில எனக்குப் பன்னெண்டு வயசு கூடிப்போச்சு” என்பார். மாதவிடாய் நிற்கும் முன்பே இரண்டு சினைப்பைகளையும் இழக்கும் பெண்களுக்கு எலும்புத் தேய்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவர் தனி ஒருவரல்ல. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பை நீக்கம் மலிந்திருந்த செய்தி 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. மருத்துவரிடம் போகாததால் ஒரு பெண் இறந்தார். போனதால் ஒரு பெண் முதுமையை முன்கூட்டிப் பெற்றார். இந்த இருவரில் யாருடைய கதையை என் கதையாக எடுத்துக்கொள்வது?

*

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இக்கேள்வியை யோசிக்கும்போது மூன்றாவதாக ஒரு பெண்ணைத் தவிர்க்க முடியாது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றவர். தேவதாசி முறை ஒழிப்புக்காகவே அவரைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்திலிருந்து முளைத்த எண்ணம் முப்பதாண்டுகள் கழித்தே கட்டடமாயிற்று. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தது. புற்று என்றால் சாவு என்றே எல்லோரும் எண்ணிய காலத்தில், வேளையோடு கண்டால் குணமாக்கலாம் என்று அந்த நிறுவனம் விடாமல் சொல்லி வந்தது. கருப்பை வாய்ப் புற்றில் அது எவ்வளவு உண்மை என்பதை இன்று எல்லோரும் அறிவோம்.

‘வேளையோடு கண்டால்’ என்ற அந்தச் சொற்களே என்னை மருத்துவரிடம் தள்ளின. ஆனால் படிக்கப் படிக்க, சினைப்பை அந்த விதிக்கு எளிதில் கட்டுப்படாத உறுப்பு என்பதும் தெரிந்தது.

அமெரிக்காவில் 78,216 பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுதோறும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சினைப்பைப் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கை பரிசோதனையால் குறையவில்லை. புற்று இல்லாமலே ‘சந்தேகம்’ என்று முடிவு வந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். அதில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வும் 2021இல் இதையே சொன்னது: சில புற்றுகளைச் சற்று முன்பே கண்டுபிடிக்க முடிந்தது, உயிர்களைக் கூடுதலாகக் காப்பாற்ற முடியவில்லை.

இதைப் படித்தபோது மாமியார் பக்கம் சாய்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆய்வுகள் பதில் சொன்ன கேள்வி வேறு. ஒன்றுமில்லாத பெண்கள் எல்லோரையும் தேடிப் பார்க்கலாமா என்பது அவற்றின் கேள்வி. ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்ட ஒன்றை என்ன செய்வது என்பது என் கேள்வி. முதலாவதற்கு ‘வேண்டாம்’ என்பது பதிலாக இருக்கலாம். இரண்டாவதற்குப் பதில், கண்ணில் பட்டது எத்தகையது என்பதைப் பொறுத்தது.

*

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு மாதந்தோறும் ஒரு முட்டைப்பை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து உடைகிறது. சில மாதங்களில் உடையாமல் நீர் சேர்ந்து பெருக்கும். இரண்டு மூன்று சுற்றுகளில் வடிந்துவிடும். அது உடலின் வழக்கமான வேலை, நோயன்று. மாதவிடாய் நின்றபின் இந்த விளக்கம் செல்லாது. அதனால்தான் என் வயதில் ‘நீர்க்கட்டி’ என்றதும் எல்லோர் முகமும் மாறுகிறது. ஆனால் அதே அமெரிக்க ஆய்வில் ஸ்கேன் செய்யப்பட்ட, 55 வயதைக் கடந்த 15,735 பெண்களில் 14 சதவிகிதத்தினருக்கு முதல் ஸ்கேனிலேயே சாதாரண நீர்க்கட்டி இருந்தது. ஒற்றைக் கட்டி இருந்த சினைப்பைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் அடுத்த ஆண்டு கட்டியே இல்லை. அத்தகைய கட்டி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்று வருவது மற்றவர்களைவிட அதிகமாகவும் இல்லை.

இதில் எடை ‘சாதாரண’ என்ற சொல்லின் மீதுதான் இருக்கிறது. மெல்லிய வழவழப்பான சுவர், உள்ளே தடுப்பு இல்லாத ஒரே அறை, தெளிந்த நீர், திடப்பகுதி எதுவும் இல்லாமை ஆகியவை எல்லாம் சேர்ந்தால்தான் அது சாதாரணம். தடித்த தடுப்புகள், சுவரிலிருந்து உள்நோக்கி முளைக்கும் மொட்டுகள், திடப்பகுதிக்குள் இரத்த ஓட்டம், வயிற்றில் நீர் என்று எது இருந்தாலும் கதை வேறு. கல்லைத் தேடி வயிற்றின் மேல் ஓட்டிய கருவி இவற்றையெல்லாம் நிதானமாகப் பார்த்திருக்காது. ஆக, முதலில் தெரிய வேண்டியது கட்டி இருக்கிறதா என்பதல்ல, அது உண்மையிலேயே சாதாரணமா என்பது.

அதற்கு உள்வழி ஸ்கேன் வேண்டும். மார்கழியில் ஒரு காலை, கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, இவ்வூரில் நெடுங்காலமாகப் பிரசவம் பார்த்துவரும் பெண் மருத்துவரிடம் போனேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்க்கும் முன் என்னைக் கேட்டார். வயிறு உப்புசம் உண்டா? கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பிவிடுகிறதா? அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓட வேண்டியிருக்கிறதா? மாதத்தில் எத்தனை நாள்? அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்ததுண்டா? பெரியம்மாவைச் சொன்னேன். எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நாற்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் யாரும் போடாத கேள்விக்குறி அது.

ஸ்கேன் சில நிமிடங்கள்தான். கூச்சம் அதைவிட நெடியது, ஆனால் தாங்கக்கூடியது. பிறகு சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனை. “இது புத்துநோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லம்மா, அப்படி நெனச்சுக்காதீங்க” என்று முன்பே சொல்லிவிட்டார். கருப்பைத் தசைக்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் நோய், நம் நாட்டில் குறிப்பாக வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் அந்த எண் ஏறும். மறுபுறம், தொடக்கநிலைச் சினைப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் அது ஏறாமலே இருக்கும். தனியே அதற்குப் பெரிய மதிப்பில்லை; மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே பேசும்.

சேர்த்துப் பார்க்க 1990இல் இலண்டன் மருத்துவர்கள் வகுத்த ஒரு பெருக்கல் கணக்கு உண்டு. ஸ்கேனில் சந்தேகக்குறிகளுக்கு ஒரு மதிப்பெண், மாதவிடாய் நின்றிருந்தால் மூன்று, இல்லையென்றால் ஒன்று, இவ்விரண்டோடு சி.ஏ. 125 அளவைப் பெருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள். என் ஸ்கேனில் சந்தேகக்குறி ஒன்றுகூட இல்லை. அதன் மதிப்பெண் பூஜ்யம். இரத்த அளவு 14; முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. பூஜ்யத்தை மூன்றாலும் பதினான்காலும் பெருக்கினால் பூஜ்யம்தான். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளின் தாளில் அந்த எண்ணைப் போட்டிருக்கிறேன். அதைப் பெற்று மகிழ்ந்தது அன்றுதான்.

“அப்ப விட்டுடலாமா?” என்று கேட்டேன். அவர் சொன்னது மாமியாரின் பதிலுமல்ல, கணவரின் பதிலுமல்ல. நான்கு மாதம் கழித்து மறுபடி ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும். அப்படியே இருந்தால் ஓராண்டு நிறையும்போது இன்னொரு முறை. அப்போதும் மாறாமல் இருந்தால், அதன்பின் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பெரிதானாலோ உருவம் மாறினாலோ அறுவை பற்றிப் பேசலாம். இடையில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்று தேதி பார்க்காமல் உடனே வர வேண்டும். உப்புசமும் பசியின்மையும் புதிதாகத் தொடங்கி மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும் காத்திருக்கக் கூடாது. பின்னர் பார்த்தபோது, பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களின் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாதாரணக் கட்டிக்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது.

*

பெரியம்மாவும் காத்திருந்தார், நானும் காத்திருக்கப்போகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பெரியம்மாவின் காத்திருப்பில் தைக்குப் பின் சடங்கு வந்தது, சடங்குக்குப் பின் அறுவடை வந்தது. எந்த நாளில் என்ன பார்ப்பது, எது தென்பட்டால் என்ன செய்வது என்ற எதுவும் அதில் இல்லை. அதை நாம் பொறுமை என்று மெச்சினோம். நம் வீடுகளில் பெண்ணின் உடம்பு எப்போதும் மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு வரிசையில் நிற்பது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பது முடிவைப் போல ஒலிக்கும் முடிவின்மை. தோழியின் அறுவை சிகிச்சையிலும் இதே குறை இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அங்கே வேகம் இருந்தது, ஆனால் அதுவும் கட்டி எத்தகையது என்று கேட்காமலே எடுக்கப்பட்டது. ஒன்று பயத்தில் தள்ளிப்போடுவது. மற்றொன்று பயத்தில் அறுத்துப்போடுவது. இரண்டிலும் கேள்வி கேட்கப்படவில்லை.

தேதியும் நிபந்தனையும் உள்ள காத்திருப்பு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதை விளக்க வீட்டில் மூன்று நாள் ஆயிற்று. “டாக்டர் ஒண்ணும் செய்யலையா?” என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மருந்துச் சீட்டு இல்லாமல் திரும்பிய மருத்துவச் செலவு அவருக்கு நிறைவு தரவில்லை. மாமியார், தாம் சொன்னதுதான் நடந்தது என்று திருப்தியடைந்தார். நான் மறுக்கவில்லை, ஆனால் அவர் சொன்னது அதுவல்ல. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று வள்ளுவர் சொன்ன ஊர் நம்முடையது. எதற்கு அஞ்ச வேண்டும், எதுவரை அஞ்ச வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பயம் முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரவில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது கை தானாக அடிவயிற்றுக்குப் போகிறது. தொட்டுத் தெரியும் அளவில்லை என்று தெரிந்தும் போகிறது. ஓர் எலுமிச்சம்பழ அளவு நீர், பெயர் தெரியாத இடத்தில் இருந்தபோது இதைவிடக் கனத்தது.

சமையலறை நாட்காட்டியில் எரிவாயு உருளை பதிவு செய்த நாளும் பால் கணக்கும் குறிப்பது வழக்கம். சித்திரை மாதத் தாளில் ஒரு தேதியை வட்டமிட்டு, ‘சினைப்பை ஸ்கேன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். இரண்டு பெண்கள் என்னைத் தனியே அழைத்துப்போய், தங்களுக்கும் அப்படி ஒரு வரி எழுதிய தாள் பீரோவில் இருக்கிறது என்றார்கள். ஒருத்தியின் தாளுக்கு வயது ஆறு. எந்த நாளில் போவது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.